சான்று கேட்பது அவமதிப்பாகுமா?

ஒருவர் தம்மைப் பற்றி உரைப்பதை நாம் எப்போது மெய்யெனக் கொள்ளலாம்? அவரிடம் சான்று கேட்பது அவரை இழிவுபடுத்துவதாகுமா? பழைமையான இவ்வினாக்கள் இன்று கணிப்பொறித் துறையின் ஒரு மூலையில் புதுவடிவம் கொண்டு நிற்கின்றன. இளைஞர் பலர் அத்துறையில் நாட்டம் கொண்டிருத்தலின், அதனை முன்வைத்தே இவ்வினாக்களை ஆராய்வோம்.

செயலி ஒவ்வொன்றுக்கும் அதனை ஆக்கியோர் ஒரு வேக எல்லை குறித்துள்ளனர். அவ்வெல்லையைக் கடந்து அதனை இயக்குதல் ஓவர்கிளாக்கிங் எனப்படும். இதனைப் போட்டியாகவே நடத்துவோர் உளர். சுழியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனையும், அதனினும் குளிர்ந்த திரவ ஹீலியத்தையும் கொண்டு அவர்கள் செயலியின் வெப்பத்தை அடக்குகின்றனர். 2011ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எஃப்.எக்ஸ். செயலி ஒன்று 8.429 கிகாஹெர்ட்ஸ் வேகம் எய்திக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. இத்தகைய உச்ச வேகம் நெடுநேரம் நிலைப்பதன்று. அதனை நேரில் காண்போரும் சிலரே. ஏனையோர்க்குக் கிட்டுவது திரையின் படமாகிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றே.

அப்படத்தில் ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணைப் பொறிப்பது மிக எளிது. ஆகவே படத்தோடு வேறு சான்றுகளும் கேட்கப்படுகின்றன. பிரான்சு நாட்டில் உருவான சி.பி.யு.-இசட் என்னும் மென்பொருள் செயலியின் அளவுகளைத் தானே படித்துச் சரிபார்ப்புக் கோப்பு ஒன்றை ஆக்கித் தருகிறது. யசுமசா கனடா என்னும் அறிஞரின் குழுவினர் 1995ஆம் ஆண்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பை எண்ணை 429 கோடி இலக்கங்களுக்கு மேல் கணித்தனர். அம்முயற்சியிலிருந்து பிறந்த சூப்பர் பை என்னும் சோதனை நிரலின் திருத்தப் பதிப்பு, விடையோடு சரிபார்ப்பு எண்ணையும் காட்டுகிறது.

படத்துக்குள்ளேயும் சான்று உண்டு. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கும் எண் 50 எனில், வேகம் 5,000 மெகாஹெர்ட்ஸ் ஆதல் வேண்டும். 5,400 என்றிருப்பின் அவற்றுள் ஏதோ ஒன்று பிழை. அதே செயலியை அதே வேகத்தில் இயக்கிய பிறர் பெற்ற நேரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவை நூலார் வகுத்த காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே பயன்படுதல் காண்க.

இனி, அறத்தின் பக்கம் வருவோம். நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறி விரைந்து இயங்குகிறது என மகிழ்ந்து கூறினால், அதற்குச் சான்று கேட்பது பண்பன்று. அவ்வுரையால் எவர்க்கும் இழப்பில்லை. ஆனால் அவரே தரவரிசையில் முதலிடம் கோருவாராயின் நிலைமை வேறு. அவர் ஏறும்போது மற்றொருவர் இறங்குகிறார். பல இரவுகள் உறக்கமின்றி உழைத்த ஒருவரின் பயனைப் பொய்யெண் ஒன்று நொடியில் கவர்ந்துவிடும். அதனை வெறும் பொய் என்று கூறி அமைதல் போதாது. அது களவும் ஆகும். ஆதலின் பிறர் இடத்தைப் பெற விழைவோர் சான்று தருதல் அவர்தம் கடன். அதைக் கேட்பது அவமதிப்பன்று.

எனினும், சோதிப்போர்க்கும் ஒரு கடன் உண்டு. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் எச்.டபிள்யூ.பாட் என்னும் தரவரிசை அமைப்பு, விண்டோஸ் 8 இயக்குமுறையில் பெற்ற முடிவுகளை ஏற்க மறுத்தது. கணிப்பொறி இயங்கும்போதே அடிப்படைக் கடிகாரத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைத்தால், அதன் நேரக்கணக்கு 5 நிமிடத்தில் 18 நொடி பின்தங்கியது. உண்மையில் 300 நொடி கழிந்திருக்க, பொறி 282 நொடியே கழிந்ததாகக் காட்டியது. மெதுவாக முடிந்த பணி விரைவாக முடிந்தது போலத் தோன்றிற்று. இக்குறையால் தாக்குறாத பொறிகளுக்கு அத்தடை பின்னர்த் தளர்த்தப்பட்டது.

இக்குறையை அறியாது தம் முடிவை அனுப்பியவர் இருந்திருப்பின், அவர் படத்தைத் திருத்தவில்லை, கண்டதையே காட்டினார். அவ்வெண் பொய்; அவர் பொய்யர் அல்லர். எண் பிழையெனக் காட்டப் பொறியின் சான்று போதும். மனிதர் வஞ்சித்தார் என உரைக்க, அவர் அறிந்தே செய்தார் என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். அஃதின்றிப் பழி சுமத்துவோர், தாம் எதிர்க்கும் குற்றத்தையே தாமும் செய்கின்றனர். மெய்யென அறியாத ஒன்றை மெய்யென உரைக்கின்றனர் அன்றோ? வேண்டியவர்க்கு ஒரு சோதனையும் அயலார்க்கு வேறு சோதனையும் வைப்பதும் இத்தகையதே.

எனவே பெற்றோர் தம் மக்களுக்கு இரண்டைப் பயிற்றுதல் நலம். தம் வெற்றியைக் கூறும்போது, பிறர் கேட்குமுன் சான்றையும் உடன் வைத்தல் ஒன்று. பிறர் வெற்றியில் ஐயம் தோன்றுமாயின், எண்ணைப் பற்றி மட்டும் கேட்டு, விடை வரும்வரை அவரைப் பற்றிய தீர்ப்பை நிறுத்தி வைத்தல் மற்றொன்று.