அண்ணனுக்குக் காப்பாளர், அரசுக்குக் குழந்தை

முட்டுக்காட்டுக்குப் படகுச் சவாரிக்காகத்தான் பலரும் வருகிறார்கள். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக 2005இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனமும் அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பையனைப் பார்த்தேன். ஒரு கையில் பிளாஸ்டிக் ஃபைல். இன்னொரு கையால், தன்னைவிட உயரமான அண்ணனை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தான். அண்ணனுக்கு வாயோரம் வழிந்ததைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே பேசினான். பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்பா இல்லை. அம்மாவால் எழுந்து வேலை செய்ய முடியாது. விடியற்காலையில் கோவளத்தில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறான். "ஃபர்ஸ்ட் ஹவருக்குப் போகவே முடியல சார். அட்டெண்டன்ஸ் அறுபதுலயே நிக்குது" என்றான். 75 விழுக்காடு வராவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியவர், "புண்ணியவான்பா நீ, கடவுள் உன்னக் கைவிட மாட்டாரு" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பாராட்டுதான் என்னை உறுத்துகிறது. புண்ணியம் என்று சொல்லிவிட்டால் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. அண்ணனின் உடல் நிலை முன்வினை, தம்பியின் உழைப்பு புண்ணியம். நடுவில் நிற்கிற நமக்கு வேலையே இல்லை. இப்படி ஒரு வசதியைச் செய்து வைத்துக்கொண்டு அதற்குப் பண்பாடு என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

சட்டத்தைப் பாருங்கள். தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோரைக் காப்பது வயது வந்த பிள்ளைகளின் கடமை என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் காப்பாளர் நியமிக்கலாம் என்கிறது 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதன்படி இந்தத் தம்பியே அண்ணனுக்குச் சட்டப்படி காப்பாளர் ஆகலாம். அதே பையன் உதவித்தொகைக்குப் போனால் படிவம் என்ன கேட்கிறது? பெற்றோரின் ஆண்டு வருமானம். அவனை நம்பி எத்தனை வயிறு இருக்கிறது என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன். தகுதியுள்ள மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டங்கள். ஆனால் வீட்டில் அம்மா சோறு போட்டுக் கல்லூரிக்கு அனுப்புகிற பிள்ளைக்கும், அம்மாவுக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டு ஓடுகிற பிள்ளைக்கும் அதே ஆயிரம்தான். 2025இல் வந்த அன்புக் கரங்கள், ஆதரவற்ற குழந்தைகளுக்கு மாதம் 2,000 தருகிறது, 18 வயது வரை. அந்தப் பையனுக்குச் சுமை முழுசாகத் தோளில் ஏறியதே அந்த வயதில்தான்.

"பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ளக் காசா?" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றுத்திறனாளி உறவினரைப் பராமரிக்கிற சம்பளக்காரருக்கு வருமான வரியின் பழைய முறையில் 75,000 ரூபாய், கடும் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு தருகிறார்கள். அவருடைய பாசம் அதனால் கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லை. சம்பளமே இல்லாத மாணவனிடம் மட்டும் எதற்கு இலவசப் பாசம் கேட்கிறோம்? இங்கிலாந்தில், வயது வந்த ஒருவர் தன்னை நம்பி வாழ்கிறார் என்று காட்டும் முழுநேர மாணவருக்கு, வீட்டு வருமானத்தைப் பார்த்துத் தனி மானியம் உண்டு. கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம்.

இங்கே அப்படிக் கொடுத்தால் ஏமாற்றுவார்களாம். ஊனத்துக்கு மருத்துவக் குழு சான்றிதழ் தருகிறது. காப்பாளரை நியமிக்க மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் குழு இருக்கிறது. அந்த ஃபைலுக்குள் தேவையான தாள் ஏற்கெனவே இருக்கிறது.

1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டபோது, சோறு போடுவது பெற்றவர் பாடு என்று நீதிக்கட்சி ஒதுங்கிக்கொள்ளவில்லை. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதுதான் கணக்கு. அம்மாவின் பசியும் பிள்ளையின் பாடத்தைத்தான் தடுக்கிறது. கல்லூரி முடியும்வரை மாதாமாதம் அந்த வீட்டுக்கு ஒரு தொகை கொடுங்கள். ஐஸ் பெட்டிக்குக் கிடைக்கிற கூலியாவது இருக்கட்டும்.

பஸ் வந்தது. முதலில் ஃபைலைப் படியில் வைத்தான். பிறகு இரண்டு கையாலும் அண்ணனைத் தூக்கி ஏற்றினான். பெரியவர் ஏற்கெனவே உட்கார இடம் பிடித்திருந்தார்.