உயிர் பிழைத்தபின் கண்ணைக் கேட்கலாமா?

தாராபுரம் காடு அனுமந்தராய சுவாமி கோயிலைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கும்பினி ஆட்சிக் காலத்துக் கலெக்டர் ஒருவருக்கு ராஜபிளவை கண்டதாம். அனுமனை வேண்டினார், கட்டி ஆறியது, நன்றிக்காகக் கருவறையைக் கட்டிக் கொடுத்தார் என்பார்கள். கதையில் வரும் குணம் முழுக் குணம். பிறகு துரைக்குக் கண் மங்கியதா, கை மரத்ததா என்ற பேச்சே அதில் இல்லை.

மருந்தால் வரும் குணம் அவ்வளவு சுத்தமாக வருவதில்லை. புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றும்போது வாந்தியும் ஒவ்வாமையும் வராதிருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். ஸ்டீராய்டு நெடுநாள் சேர்ந்தால் கண் லென்ஸின் பின்பக்கம் புரை படரலாம். வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை முதலில் தடுமாறும். தலையிலோ கண்ணருகிலோ கதிர்வீச்சு வைத்தவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும் புரை விழுவதுண்டு. டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து சிலருக்குக் கண்ணீர் வடியும் நுண்குழாயைச் சுருக்கிவிடும். கண் ஓயாமல் நீர் கொட்டும். மார்பகப் புற்றுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை விழுங்கும் டமாக்சிஃபென், அரிதாக விழித்திரையையும் தொடும்.

இதெல்லாம் வந்து சேருவது பெரும்பாலும் வெள்ளெழுத்து தொடங்கிவிட்ட வயதில். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஓட்டையும் கறையும் தேடுகிறவருக்கும், பிசிறு வெட்டுகிறவருக்கும் கண்தான் கூலி. மங்கலில் வயதின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. பல நேரம் மருத்துவராலும் முடியாது.

தத்துவம் நுழைவது இந்த இடத்தில்தான். "உசுரு பொழச்சதே பெருசுங்க, கண்ணு போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு, மருத்துவரிடம் வாயே திறக்காமல் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ஊழ் என்பார்கள், நுகர்ந்தே தீரவேண்டிய பிராரத்த வினை என்று சைவம் படித்தவர்கள் விளக்குவார்கள். இருக்கட்டும். வினையை நுகர வேண்டும் என்றால் முறையிடவே கூடாது என்று ஆகிவிடுமா?

ஆகாது என்பதற்குத் தேவாரம் பாடிய சுந்தரரே சாட்சி. தாராபுரம் இருக்கும் திருப்பூர் மாவட்டத்துக்கு அவர் அயலாரும் அல்லர். அவிநாசியும் திருமுருகன்பூண்டியும் அவர் பாடிய தலங்கள். திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாருக்கு, பிரிந்து போகமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி ஊரெல்லை தாண்டியதும் அவருக்கு இரு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை நடக்க வேண்டியிருந்தது. நோயாளிக்கு இந்தக் கதை முழுக்கப் பொருந்தாது. சுந்தரர் வாக்கு மீறினார். கீமோ ஏற்றிக்கொண்டவர் எதையும் மீறவில்லை, அவருக்கு வந்தது தண்டனையும் அன்று. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: ஒரு கண் கிடைத்துவிட்டதே என்று சுந்தரர் வாய்மூடி இருந்துவிடவில்லை. வழியெல்லாம் இறைவனை ஏசியும் கெஞ்சியும் மறு கண்ணைக் கேட்டார். அந்த ஏச்சை நன்றிகெட்டதனம் என்று சைவம் ஒதுக்கவில்லை, திருமுறையில் சேர்த்துவைத்தது.

புற்று மருந்து கண்ணுக்கு எப்போதும் பகையும் அன்று. பெருங்குடல் புற்றுக்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப், புது ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும். முதுமையில் விழித்திரைக்கு அடியில் முளைத்துக் கசியும் குழாய்களையும் அதே மருந்து அடக்கும் என்று அடுத்த ஆண்டே கண் மருத்துவர்கள் கண்டார்கள். புற்றுநோயாளிக்கு நரம்பில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஏற்றுவதை, கண்ணுக்குள் வெறும் 1.25 மில்லிகிராம் செலுத்துகிறார்கள்.

கேட்டால் கிடைக்கக்கூடியவையும் பல. ஸ்டீராய்டால் வந்த புரையையும் மற்றப் புரையைப் போலவே அறுவை செய்து லென்ஸ் வைக்கலாம். ரத்த அணுக்கள் தேறிவிட்டனவா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நாள் குறிப்பார்கள். நீர் வடிவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், குழாய் முழுக்க அடைபடுமுன் கவனிக்க முடியும். கண்ணுக்குப் பயந்து டமாக்சிஃபெனைத் தானாக நிறுத்துவதுதான் கூடாது. அதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.