குழிக்குள் நடந்த மத்ரஸா

முஸீபத்து மனிதனை வளர்க்கிறதா, முடக்குகிறதா?

ஹிஜ்ரி 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள், ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகி, இன்றைய கிர்கிஸ்தானிலுள்ள ஊஸ்ஜந்தில், கிணறு போன்றதொரு குழியில் பல்லாண்டுகள் சிறைவைக்கப்பட்டார்கள். மாணவர்கள் மேலே அமர்ந்து எழுத, இமாமவர்கள் கீழிருந்து நினைவைக் கொண்டே சொல்லிக் கொடுத்தார்கள். 30 பாகங்களாக அச்சாகியுள்ள 'அல்மப்ஸூத்' என்னும் ஃபிக்ஹு கிதாபின் பெரும்பகுதி அவ்வாறு உருவானதே.

குழியா அவர்களை இமாமாக்கியது? குழியில் தள்ளப்பட்டோர் எல்லாரும் இமாமாகிவிடுவதில்லையே! சிறைவைத்தது அநீதிதான். ஆனால், இறங்கும்போதே இல்மு அவர்கள் நெஞ்சில் இருந்தது. மேலே செவிசாய்க்க மாணவர்கள் இருந்தார்கள். 'ஸப்ரு' என்ற சொல்லுக்கு மூலப்பொருள் தடுத்து நிறுத்துதல். நெஞ்சைக் கசப்பிலிருந்து தடுக்க வேண்டும். கையைக் கடமையிலிருந்து தடுத்துவிடக் கூடாது.

ஆகவே, துன்பத்தைத் தேடிப் போகாதீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் ஆஃபியத்தையே கேட்கச் சொன்னார்கள். வந்துவிட்டாலோ, தெரிந்த நற்காரியத்தை விட்டுவிடாதீர்கள். துயரக் குழியில் கிடக்கும் அண்டை வீட்டாரிடம் "ஸப்ரு செய்யுங்கள்" என்று மேலிருந்து சொல்லிவிட்டு நடந்துவிடாதீர்கள். அந்த மாணவர்களைப் போல் குழியோரம் சற்று உட்காருங்கள்.