நிலவறையும் நெஞ்சறையும்

மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றனுள் ஒன்று திருவனந்தபுரம். அங்கு அரவணையில் பள்ளிகொண்டருளும் ஸ்ரீபத்மநாபனை அன்பர்கள் மூன்று வாயில்களின் வழியே சேவிக்கின்றனர். அத்திருக்கோயிலின் நிலவறைகளை, சுப்ரீம் கோர்ட்டு நியமித்த குழுவினர் 2011 ஜூன் இறுதியில் திறக்கத் தொடங்கினர். பொற்காசுகளும் திருவாபரணங்களும் ரத்தினங்களும் குவிந்து கிடந்தன. அவற்றின் மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. ஓர் அறை மட்டும் திறவாமல் விடப்பெற்றது.

பசித்தோர் பலர் இருக்க, பொன் இருளில் கிடப்பது தர்மமாகுமோ என்று அப்போது பலர் வினவினர். தள்ளத்தக்க வினா அன்று அது. ஆயினும் அதற்கு முன் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. அப்பொருள் யாருடையது?

1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்ம மகாராஜா தம் ராஜ்யம் முழுவதையும் எம்பெருமானுக்கே தத்தம் செய்து, 'பத்மநாபதாசர்' ஆனார். இதனைத் திருப்படித்தானம் என்பர். அவர் வழிவந்தோர் சேவித்து வெளியேறுகையில், பாதத்தில் ஒட்டிய மணலையும் உதறிவிட்டே செல்வர் என்பது அவ்வூர் வழக்கு. காலடியில் அளவற்ற பொன் இருக்க, ஒரு மணலுக்கும் அஞ்சிய உள்ளம் அது! நிலவறையைக் காத்தது பூட்டு மட்டுமன்று. 'என்னுடையதன்று' என்னும் அவ்வுணர்வும் ஆகும். 2020 ஜூலையில் வந்த தீர்ப்பும் அரச குடும்பத்தாருக்குப் பரிபாலன உரிமையையே உறுதி செய்தது, உடைமையோ பெருமாளுடையது.

நம் ஸம்பிரதாயத்தில் ஜீவாத்மா எம்பெருமானுக்குச் சேஷபூதன். அவன் திருமார்பில் விளங்கும் கௌஸ்துபமணிக்கு ஒப்பாக ஆத்மாவைப் பெரியோர் கூறுவர். அதனை 'எனது' என்று கொள்வதே ஆத்மாபஹாரம். களவுகளுள் தலையாய களவு அது. கோயில் பொன்னைத் தொட அஞ்சுகிறவனும், நெஞ்சறையில் உள்ள இம்மணியை நாள்தோறும் கூசாமல் கவர்கின்றான் அன்றோ?

இனி முதல் வினாவுக்கு வருவோம். உடையவன் திருவுள்ளத்துக்கு உகந்த வழியில் பொருளைச் செலவிடுதல் குற்றமாகாது. அடியார் பசியாற்றுதலும் கைங்கர்யமே. ஆனால் 'எனது' என்னும் எண்ணத்துடன் நீளும் கை, தானம் செய்யினும் களவே செய்கின்றது. அவ்வெண்ணம் அற்ற கை, காப்பினும் கொடுப்பினும் தொண்டே செய்கின்றது. பிறர் பொன்னுக்குக் கணக்குக் கேட்குமுன், தன் வீட்டுப் பெட்டியையும் ஒவ்வொருவரும் இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் வேண்டும்.

உத்ஸவம் சேவித்துத் திரும்பும் அன்பர்கள், வாயிற்படியில் ஒரு கணம் நின்று, பாதத்து மணலோடு 'எனது' என்பதையும் உதறிச் செல்வாராக!