காத்திருப்பு யாருடைய தவம்?

நடுபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். எனவே மரம் நடுதலை நிஷ்காம கர்மத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது நம் வழக்கம். ஆயினும், இன்றைய உணவுக்கே வழியற்ற ஏழை உழவரிடம், 'பலனை எதிர்பாராமல் மரம் நடுக' என்று உபதேசிப்பது தர்மமாகுமா?

தென் குஜராத்தின் வான்ஸ்தா பகுதியில், காந்தியவாதியான மணிபாய் தேசாய் நிறுவிய பைஃப் அமைப்பு 1982-இல் தொடங்கிய 'வாடி' முறை இதற்கு விடை தருகிறது. பழங்குடிக் குடும்பத்தின் சுமார் ஒரு ஏக்கர் நிலத்தில் மாவும் முந்திரியும். எல்லையைச் சுற்றி வனமரங்கள். இடைவெளியில் தானியமும் காய்கறியும். ஊடுபயிர் இன்றைய பசியைத் தணிக்கிறது. ஒட்டு மா சில ஆண்டுகளில் காய்க்கிறது. வேர்கள் மண்ணைக் காக்க, மரங்கள் காற்றிலுள்ள கரியைத் தம்முள் சேமிக்கின்றன.

அக்கரியை மிகுதியாகக் காற்றில் கலந்தவர்கள் இவ்வேழைகள் அல்லர்; ஆனால் பருவம் தவறும் மழையால் பெரிதும் வாடுபவர்கள் இவர்களே. ஆகவே, கன்று மரமாகும்வரை ஆகும் செலவையும் உழைப்பையும் பசியறியாத நாமும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பலனைத் துறக்குமாறு பசித்தவருக்குப் போதிக்கும் முன், நாம் துறந்து காட்டுவோம். அதுவே நமக்கு விதிக்கப்பட்ட நிஷ்காம கர்மம்.