எழுத்துப் பலகை சொல்லாத கணக்கு

வவுணதீவில் பொழுது பட்டபின் வீடு திரும்புகிறவனுக்குக் கண் வேண்டும். வயலோரம் யானை நிற்கலாம், வரம்பில் பாம்பு கிடக்கலாம். படுவான்கரையில் மாலைக்கண்ணை முதலில் கண்டுபிடிப்பது இருட்டுத்தான், வைத்தியர் பிறகு. வீட்டில் உடனே பொன்னாங்காணியும் முருங்கையிலையும் அடுப்பேறும். விற்றமின் ஏ குறைவென்றால் அது சரியான வைத்தியமே. ஆனால் மாலைக்கண்ணாகவே தொடங்கும் பரம்பரை விழித்திரைச் சிதைவு எந்தக் கீரைக்கும் கேட்காது.

அந்த நோயில் முதலில் சாவது இருட்டில் பார்க்க உதவும் கோல் கலங்கள். ஒரு கண்ணில் அவை ஏறத்தாழ 10 கோடி. பகலுக்கும் நிறத்துக்குமான கூம்புக் கலங்கள் சில பத்து லட்சங்கள்தான். பல வேளைகளில் பரம்பரையலகின் பழுது கோல்களுக்கே உரியது. ஆனாலும் அவை போனபின் ஒரு குற்றமுமறியாத கூம்புகளும் பின்னாலேயே போகின்றன. அநியாயம்தான். கண் தானத்துக்குப் பேர்போன நாடு நமது. ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. ஆனால் அவற்றில் மாற்றிப் பொருத்துவது முன்பக்கத்துக் கருவிழியைத்தான். விழித்திரைக்கு அப்படியொரு மாற்று இல்லை. செத்த கூம்பு திரும்ப முளைப்பதுமில்லை.

எத்தனை செத்தன என்று உயிருள்ள கண்ணில் எண்ணவும் நெடுங்காலம் வழியிருக்கவில்லை. பார்வையின் நடுவில் ஒரு கூம்பின் அகலம் ஏறத்தாழ 2 மைக்ரோன். காற்றடிக்கும் வாவியில் அடிமணல் தெரியாதது போல, கருவிழியிலும் வில்லையிலும் உள்ள கோணல்கள் உள்ளே இருப்பதைக் குழப்பிவிடும். வானியலாளருக்கு இதே தொல்லை வளிமண்டலத்தால். கோணலை அளந்து, அதற்கு எதிராக நெளிந்து கொடுக்கும் ஆடியால் திருத்தலாம் என்று 1953இல் ஹொரஸ் பாப்கொக் யோசனை சொன்னார். 1997இல் ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸ் குழுவினர் அவ்வகை ஆடியை மனிதக் கண்ணுக்குத் திருப்பினார்கள். கூம்புகள் தனித்தனிப் புள்ளிகளாகத் துலங்கின.

எண்ணிப் பார்த்ததில் வந்த செய்திதான் என்னை உலுக்கியது. கவிதா ரத்னம், ஒஸ்டின் ரூர்டா முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடுப்பகுதிக் கூம்புகளில் பாதிக்கு மேல் அழிந்தபின்னும் கண் பரிசோதனையின் எழுத்துப் பலகையை ஏறக்குறைய வழமைபோல் வாசிக்க முடிகிறது. அப்படியென்றால் ‘நன்றாகத் தெரிகிறது’ என்பது எஞ்சியதன் வாக்குமூலம். போனதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. இழப்பு ஒரு காலத்தில் நடக்கிறது, இயலாமை ஆண்டுகள் கழித்து வருகிறது. நாமோ இயலாமை வந்த நாளையே நோயின் தொடக்கமாகக் குறித்து வைக்கிறோம்.

இன்னோர் ஆய்வு. நரம்புக் கலத்தைக் காக்கும் புரதம் ஒன்றைச் சுரக்கும் சின்னக் குழாயை, மூன்று நோயாளிகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் வைத்து, 2 ஆண்டுகளுக்கு மேல் கூம்புகளைக் கணக்கெடுத்தார்கள். முடிவு 2011இல் வந்தது. மருந்தில்லாத கண்ணில் 9 முதல் 24 சதவீதம் குறைவு. மருந்துள்ள கண்ணில் குறைவில்லை. எழுத்துப் பலகைக்கோ இரண்டு கண்ணும் ஒன்றே! மூன்று பேரை வைத்து மருந்தை மெச்சிவிட முடியாது. ஆனால் பலகையை மட்டும் நம்பியிருந்தால் அந்த வித்தியாசமே கண்ணில் பட்டிராது.

கூம்பை எண்ண உதவும் அந்த ஆடிக் கருவி இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான். வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்புக்குப் போகிறவருக்கு அது கிடைக்காது. ஆனால் மச்சான் மச்சாள் கலியாணம் புதிதல்லாத ஊரில், ஒரு வீட்டில் மூத்தவனுக்கு இந்த நோயென்றால், சொட்டு மருந்து விட்டு இளையவர்களின் விழித்திரையையும் ஒருமுறை பார்த்துவிடலாம். தம்பியைக் கூட்டிவருவதுதான் பாடு. “எனக்கென்ன, நல்லாத்தானே தெரியிது” என்பான்.