வீடறிந்து கற்பித்தல்

கற்பிப்பவர் நூற்பொருளை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். கற்பவனது வாழ்வையும் அறிந்திருத்தல் வேண்டுமா என்பதே ஆராய்தற்குரிய வினா. மாணவன் எவ்வகையில் ஏற்பானோ அவ்வகையை உணர்ந்து கற்பிக்குமாறு பவணந்தி முனிவர் நன்னூலில் ஆசிரியர்க்கு விதித்தார். சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பில் அவ்விதி எத்தகைய கடமையாகிறது?

சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் உள்ளது. டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசலும், ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயமும் உள்ளன. மூன்றிலும் தமிழர் வழிபடுகின்றனர். தமிழ்வழிப் பள்ளிகளுள் இறுதிவரை நிலைத்து 1982இல் மூடப்பெற்ற பள்ளி, சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கியிருந்தது. தமிழ் மாணவர் அனைவர்க்கும் ஒரே வகையான இல்லம் என்றும் இருந்ததில்லை. இல்லத்தின் மொழியும் மாறி வருகிறது. 5 வயதும் அதற்கு மேலும் உடைய இந்தியருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காட்டினர், 2020இல் 27.7 விழுக்காட்டினர். இந்தியருள் தமிழரல்லாதாரும் அடங்குவர் எனினும், மாற்றத்தின் போக்கு தெளிவாகவே தெரிகிறது.

இந்நிலையில், 'எங்கள் வீட்டுப் பொங்கல்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணிக்கப்பெறும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் வாழ்வது அடுக்குமாடி வீட்டில். அவன் குடும்பத்தில் பொங்கலிடும் வழக்கம் இல்லை. மதிப்பெண் வேண்டி, மனப்பாடம் செய்த முற்றத்தையும் கோலத்தையும் கரும்பையும் தன்னுடையவையாக எழுதுகிறான். பிழையின்மைக்காகப் பாராட்டும் பெறுகிறான். தமிழில் எழுதும்போது உண்மை வேண்டுவதில்லை என்பதையே அவன் கற்றுக்கொள்கிறான். நோன்புக் கஞ்சியைப் பற்றியோ, தேக்கா சந்தைக்குப் பாட்டியுடன் சென்றதைப் பற்றியோ சொல்ல அவனிடம் செய்தி இருந்தது, கேட்பாரில்லை. அறியாமல் நேர்ந்த பொய்க்கு அவனைவிட வகுப்பறையே மிகுதியும் பொறுப்பாகும்.

அவரவர் வீட்டையே பாடமாக்கினால், இலக்கியம் காட்டும் பரந்த உலகை மாணவர் எங்ஙனம் காண்பர் என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுவது கல்வியாகாது. இன்ன சமயத்தான், ஆங்கிலம் பேசும் வீட்டான் என்று பெயர் சூட்டி ஒதுக்குவதும் அவனை அறிந்ததாகாது. எனினும் தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்ததை நினைவுகூர்தல் தகும். மாந்தர் உணர்வும் ஒரு நிலத்தில் காலூன்றியே பேசப்படுகிறது. மாணவனுடைய நிலம் அடுக்குமாடியின் கீழ்த்தளமாயின், பாடம் அங்கிருந்து புறப்பட்டு முல்லையையும் மருதத்தையும் சென்றடையலாம்.

ஆகவே, தலைப்பைத் தருமுன் ஆசிரியர் ஒன்று கேட்கலாம்: 'உங்கள் வீட்டில் நீங்கள் ஆவலோடு காத்திருக்கும் நாள் எது?' விடை தட்டுத்தடுமாறிய தமிழில் வரலாம். அதனை அன்றே திருத்தவேண்டுவதில்லை. சொற்பிழையை நாளையும் திருத்திக்கொள்ளலாம். தன் வாழ்வுக்குத் தமிழில் இடமில்லை என்று ஒரு குழந்தை முடிவு செய்துவிட்டால், அதனைத் திருத்துதல் எளிதன்று.